முதல் தலை நம்ம தலை

திரையில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த அந்தத் தலையின் மூக்கைப் பார்த்ததும் வசுமதி திரைக்கு அருகே குனிந்தாள். மூக்கு இடது பக்கமாகக் கோணியிருந்தது. கல்லூரியில் படிக்கும்போது சிங்காநல்லூர் சிக்னலில் மொபெட்டோடு விழுந்து எழுந்த நாளிலிருந்து அந்தக் கோணலைத் தினமும் கண்ணாடியில் பார்த்து வருகிறாள். உலகத்தில் கோணல் மூக்குகளுக்குப் பஞ்சமில்லைதான். ஆனாலும் தன் மூக்கு தனக்குத் தெரியாமல் போகுமா?

இது யாருடைய தலை என்று கேட்டாள். வெள்ளிங்கிரி ஐயாவுடையது, வெள்ளிக்கிழமை ஃபைலில் வைக்க ஒரு படம் வேண்டும் என்று தலைமை டாக்டர் மேடம் கேட்டார்கள் என்றான் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த அல்தாஃப். கேள்வியில் ஏதோ நெருடியிருக்க வேண்டும். நாற்காலியைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு திரையைப் பார்த்தான், மறுபடி அவள் முகத்தைப் பார்த்தான்.

வெள்ளிங்கிரிக்கு வயது அறுபத்து மூன்று. பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். நான்கு மாதத்துக்கு முன்னால் மூளைத்தண்டில் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவர் உடம்பில் எதுவும் அசையவில்லை, கண்ணிமை உட்பட. மூச்சை வென்டிலேட்டர் பார்த்துக்கொண்டது. இப்படிக் கிடப்பவருக்கு உள்ளே நினைவு இருக்கிறதா என்று கேட்டால் டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கிய காலம் ஒன்று இருந்தது. இப்போது தொப்பி வந்துவிட்டது.

கண்ணாடி இழையில் நெய்த தொப்பி அது. மூளைக்குள் ஓடும் மின்னசைவுகளைத் தலைத் தோலுக்கு மேலேயே பிடித்துவிடும். சிக்கல் என்னவென்றால், உள்ளே கிளம்பியது நீரையும் எலும்பையும் தோலையும் தாண்டி வெளியே வருவதற்குள் கண்டபடி சிதறிப்போகும். இந்தத் தலையில் எலும்பு எவ்வளவு தடிமன், எந்த இடத்தில் மெலிசு என்று தெரிந்தால்தான் சிதறியதைத் திரும்பக் கூட்டி, மூளையில் எங்கிருந்து கிளம்பியது என்று கணக்கிட முடியும். அதற்காக எம்.ஆர்.ஐ. எடுத்து, ஒவ்வொரு நோயாளிக்கும் கணினிக்குள் ஒரு தலையைக் கட்டுவார்கள். தலையச்சு என்று பெயர். அச்சு சரியாக அமைந்தால், நோயாளி மனதுக்குள் சொல்லும் சொல் கட்டிலருகே உள்ள திரையில் எழுத்தாக வந்து நிற்கும். கோயம்புத்தூரின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பது வசுமதியின் வேலை. அச்சைக் கட்டுவது அல்தாஃபின் வேலை.

வெள்ளிங்கிரிக்குத் தொப்பி மாட்டி மூன்று வாரம் ஆகிறது. தினமும் மாலை நான்கு மணிக்கு அவர் மனைவி கலாமணி வந்து கட்டிலின் இடப்பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். வலப்பக்கம் வென்டிலேட்டர் நின்றதால் அங்கே யாரும் போவதில்லை. திரையில் சொற்கள் வரும். கலாமணி, பயப்படாதே. கலாமணி, உன்னை ரொம்பக் கஷ்டப்படுத்திவிட்டேன், மன்னித்துவிடு. நர்ஸ்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். மூன்றாவது வாரத்தில் இன்னொரு சொல் வந்தது. போதும்.

அதற்கு ஒரு விதி இருந்தது. நோயாளி தன் சொல்லாக, மூன்று வெவ்வேறு நாளில், டாக்டர்கள் குழுவின் முன்னால் மூன்று முறை சொன்னால் வென்டிலேட்டரை நிறுத்தலாம். குழு மூன்று நாளும் வந்து, நிறுத்திவிடலாமா என்று கேட்டது. மூன்று நாளும் போதும் என்று வந்தது. கலாமணி கையெழுத்துப் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி என்று நேரம் குறித்தாயிற்று. வசுமதி கோணல் மூக்கைப் பார்த்தது புதன்கிழமை மதியம்.

எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் கூட ஆகவில்லை. ஸ்கேன் பிரிவில் ஆறு வருடமாக ஒரு வழக்கம் உண்டு. செட்டிங்கை மாற்றினால் முதலில் நோயாளிமேல் சோதிப்பதில்லை. தாங்களே உள்ளே போய்ப் படுத்து எடுத்துப் பார்ப்பார்கள். முதல் தலை நம்ம தலை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். நல்ல வழக்கம்தான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நோயாளியின் பெயரைத் திறக்காமல் அந்த மெஷின் ஓடாது. தன் பெயரில் புதிதாகப் பதிவு போட வேண்டுமென்றால் வரவேற்புக்கு ஃபோன் செய்து, படிவம் நிரப்பி, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். யார் மெனக்கெடுவது? அடுத்து வரப்போகிற நோயாளியின் பெயரைத் திறந்து, அதன் கீழேயே சோதனையையும் எடுத்துவிட்டு, பிறகு அழித்துவிடுவார்கள்.

வெள்ளிங்கிரிக்கு ஸ்கேன் எடுத்த அன்றைக்கு வசுமதி அழிக்க மறந்திருந்தாள். அவளுடைய ஸ்கேன் பளிச்சென்று வந்திருந்தது. வெள்ளிங்கிரியின் ஸ்கேனோ, மல்லாக்கப் படுக்க வைத்ததும் சளி கட்டி உடம்பு தூக்கிப் போட்டதில் கலங்கிப் போயிருந்தது. ஒரே பெயரின் கீழ் இரண்டு ஸ்கேன் இருந்தால் தெளிவானதை எடுத்துக்கொள் என்று அல்தாஃபின் மென்பொருளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். சொன்னதை அது ஒழுங்காகச் செய்திருந்தது.

“அப்ப மூணு வாரமா அவர் பேசினது?” என்று கேட்டாள் வசுமதி.

அல்தாஃப் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். “தெரியலக்கா. என் கண்ணாடியை நீங்க போட்டுக்கிட்டாலும் எதுவோ ஒண்ணு தெரியும்ல, அந்த மாதிரிதான். எங்கேயோ கிளம்பினதை வேற எங்கேயோ கிளம்பினதா எடுத்திருக்கும். அதுல சொல்லு கிடைக்காது, துண்டு துண்டாத்தான் வரும்.”

“ஆனா முழுசு முழுசா வந்துச்சே.”

“அது நிரப்பிக்கும். படிக்காமப் போன பசங்க பேப்பரை நிரப்பிட்டு வர்றாங்கல்ல? இந்த நெலமையில கிடக்கறவங்க பொதுவா என்ன சொல்வாங்களோ, அதைப் போட்டு நிரப்பிடும்.”

தெரியவில்லை என்று சொல்ல அதற்குத் தெரியாதா என்று வசுமதி கேட்டாள். ஆரம்பத்தில் தெரிந்துதான் இருந்தது என்றான் அவன். தெரியவில்லை, தெரியவில்லை என்று திரையில் வந்ததைப் பார்த்துக் குடும்பத்தார் உடைந்துபோனார்கள். அதனால் அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிட்டார்களாம்.

மன்னித்துவிடு என்று சொன்னது யார்? போதும் என்றது யார்? அவரா, மெஷினா, இடையில் மாட்டிக்கொண்ட தன் மண்டையோடா? தன் எலும்பின் வழியாக ஒரு மனிதரைச் சாகச் சொல்லியிருக்கிறார்களோ என்று ஒரு கணம் தோன்றியது. எலும்புக்கு என்ன தெரியும், பைத்தியக்காரத்தனமாக யோசிக்கிறோம் என்று மறு கணம் தோன்றியது. இரண்டில் எதையும் அவளால் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை.

தலைமை டாக்டர் மிருணாளினி கெட்டவர் இல்லை. அதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அடுத்து அவர் பேசியது அப்படித் தோன்றாது. கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முதலில் சொன்னது வெள்ளிங்கிரியைப் பற்றி இல்லை. இதற்கு முன்னால் ஏழு பேர் போதும் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள் என்றார். இது வெளியே தெரிந்தால் அந்த ஏழு வீட்டுக்கும் போய் என்ன சொல்வது என்று கேட்டார். அந்த ஏழு பேரின் தலையையும் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. குரலில் அது கேட்டது.

பிறகு ஒரு கணக்குச் சொன்னார். உண்மை தெரிய வேண்டுமென்றால் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். எடுப்பதென்றால் வார்டு வென்டிலேட்டரைக் கழற்றி, எம்.ஆர்.ஐ. அறைக்கென்று இருக்கும் சின்ன மெஷினில் மாட்ட வேண்டும். போன முறை பதினான்கு நிமிடம் படுத்ததற்கே ஆக்சிஜன் கீழே இறங்கியது. இப்போது நுரையீரல் இன்னும் மோசம்.

“உள்ளேயே போயிட்டார்னா யார் பொறுப்பு வசுமதி? வெள்ளிக்கிழமை எப்படியும் நடக்கப் போறதுதானே.”

“அவர் சொல்லிப் போறதும் நாம சொல்லிப் போறதும் ஒண்ணா மேடம்?” என்றாள் வசுமதி. சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது தெரிந்தது.

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கடைசியில், அந்த அம்மாவிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், அவர் சம்மதித்தால் எடுங்கள் என்றார். ஆறு நிமிடம்தான் தருவேன், ஏழாவது நிமிடம் நானே வெளியே இழுத்துவிடுவேன் என்றும் சொன்னார்.

நடந்ததை நடந்தபடி சொல்வது அவ்வளவு லேசு இல்லை. ஐ.சி.யூ.வுக்கு வெளியே, தண்ணீர் கேன் வைத்திருந்த மூலையில் நின்று வசுமதி சொன்னாள். தலையச்சு, எலும்பு, மின்னசைவு என்று தொடங்கிப் பாதியில் குழம்பி, உங்கள் வீட்டுக்காரர் தலைக்குப் பதிலாக என் தலையை வைத்துவிட்டோம் அம்மா என்று முடித்தாள். கலாமணி அவளை உச்சியிலிருந்து தாடை வரை நிதானமாகப் பார்த்தாள். கலாமணிக்கு ஒல்லியான உடம்பு, இறுக்கிப் பின்னிய நரைச் சடை, கையில் ஒரு துணிப்பை.

“அப்ப எங்கூடப் பேசுனது யாருங்க?”

“தெரியலீங்கம்மா.”

“நீங்களா?”

“நான் இல்லீங்க. சத்தியமா நான் இல்லீங்க. ஆனா அவருங்கறதுக்கும் உறுதி இல்லீங்கம்மா.”

கலாமணி சுவரில் சாய்ந்துகொண்டாள். தனக்கும் ஒரு சந்தேகம் இருந்ததாக, தரையைப் பார்த்தபடி சொன்னாள். முப்பத்தெட்டு வருடத்தில் அந்த மனிதர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. படுத்த படுக்கையில் மனசு இளகிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்வது நன்றாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் அன்றைக்கு வந்த வரிகளை மகளுக்கு ஃபோனில் ஒவ்வொன்றாகச் சொல்வாள். மகள் அந்தப் பக்கம் அழுவாள், இவள் இந்தப் பக்கம் அழுவாள். அதில் ஒரு நிம்மதி இருந்தது.

வசுமதிக்கு வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் முதல் முறையாகக் கிடைத்த நல்ல வார்த்தைகளைக் கையில் இருந்து பிடுங்கியாயிற்று. பதிலுக்குக் கொடுக்க என்ன இருக்கிறது? அவர் உள்ளேயே போய்விடக்கூடிய ஒரு ஸ்கேன். அதையும் சொன்னாள். உயிருக்கு ஆபத்து என்பதை மழுப்பாமல் சொன்னாள்.

கலாமணி பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். “எடுங்க அம்மிணி. அவரு போறேன்னு சொன்னாருன்னுதான் நான் கையெழுத்துப் போட்டேன். அவரு சொல்லலீன்னா நான் எதுக்குப் போட்டனுங்க?”

வியாழக்கிழமை காலையில் வசுமதி ஏழு மணிக்கே வந்துவிட்டாள். பதினான்கு நிமிட வேலையை ஆறில் அடக்க வேண்டும். எதை விடுவது என்பதுதான் கேள்வி. அவளும் அல்தாஃபும் கன்ஸோல் முன்னால் உட்கார்ந்து வீட்டுச் சாமானை லாரியில் ஏற்றுகிறவர்கள் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தும் இறக்கியும் பார்த்தார்கள்.

மில்லிமீட்டருக்கு ஒரு படத்துண்டு என்று இருந்ததைக் கொஞ்சம் தடிமனாக்கினார்கள். ஒன்றரை நிமிடம் மிச்சமானது. கொழுப்பை மறைக்கும் செட்டிங்கை நிறுத்தலாமா என்று விவாதித்தார்கள். அது இருந்தால் படம் அழகாக இருக்கும், ஆனால் மண்டையோட்டுக்குள் இருக்கும் மஜ்ஜையும் கறுத்துப்போய் எலும்பு உள்ளதைவிடத் தடித்துக் காட்டும். நிறுத்தினால் வேறு தொந்தரவு. கொழுப்பின் பிம்பம் தன் இடத்திலிருந்து லேசாக நகர்ந்து எலும்பின்மேல் ஏறிவிடும், எலும்பு மெலிந்து காட்டும். அதைத் தடுக்க ஒரே வழி, சிக்னலை வாங்கும் அலைவரிசையை அகலமாக்குவது. அகலமாக்கினால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும்.

“புள்ளி விழுந்தாப் பரவால்ல. எல்லை நகரக் கூடாது,” என்றாள் வசுமதி. கொழுப்பு மறைப்பை நிறுத்தி, அலைவரிசையை இரண்டு மடங்காக்கினாள். நேரமும் குறைந்தது.

இன்னும் நாற்பது வினாடி இடித்தது. வழக்கமான தந்திரம் ஒன்று உண்டு. படத்தின் அகலத்தைக் குறைத்து இரண்டு காதையும் வெட்டிவிடுவது. மூளையைப் பார்க்கிறவர்களுக்குக் காது எதற்கு? எல்லா ஸ்கேனிலும் அவள் அதைத்தான் செய்து வந்தாள். அல்தாஃபும் வெட்டிவிடலாம் என்றான். வசுமதியின் கை கீபோர்டு வரை போய்த் திரும்பியது. அச்சுக் கட்டுவதற்கான கையேட்டில், தலை முழுவதும், காது உட்பட, என்று அச்சடித்திருந்ததை அவள் எத்தனையோ முறை படித்துத் தாண்டிப் போயிருக்கிறாள். வேலையைச் சுருக்கப் போய் ஒரு முறை பட்டது போதாதா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. காதை விட்டுவைத்து, துண்டின் தடிமனை இன்னும் ஒரு பிசிறு கூட்டினாள். ஐந்து நிமிடம் ஐம்பது வினாடியில் நின்றது.

பிறகு வரவேற்புக்கு ஃபோன் செய்து, அரை மணி நேரம் காத்திருந்து, தன் பெயரில் பதிவு போட்டுக்கொண்டு, உள்ளே போய்ப் படுத்தாள். அல்தாஃப் ஓட்டினான். படம் மணல் தூவியது போல இருந்தது. எல்லைகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

பதினொரு மணிக்கு வெள்ளிங்கிரியைக் கொண்டுவந்தார்கள். தொப்பியைக் கழற்றவில்லை. கழற்றினால் மின்னசைவைப் பிடிக்கும் புள்ளிகள் இடம் மாறிவிடும், மூன்று வாரப் பதிவுகளையும் புது அச்சில் போட்டுப் பார்க்க முடியாமல் போய்விடும். கண்ணாடி இழை என்பதால் காந்தத்துக்கு அது ஒரு பொருட்டில்லை. தலையின் இரு பக்கமும் பஞ்சு மெத்தையை அழுத்தி வைத்துக் கட்டினார்கள். டாக்டர் மிருணாளினி கையில் கடிகாரத்தோடு கதவருகே நின்றார்.

முதல் மூன்று நிமிடம் ஒன்றுமில்லை. நான்காவது நிமிடத்தில் ஆக்சிஜன் தொண்ணூறுக்குக் கீழே வந்தது. ஐந்தில் எண்பத்து நான்கு. டாக்டர் வசுமதியைப் பார்த்தார். வசுமதி திரையில் மிச்சமிருந்த வினாடிகளைப் பார்த்தாள். நிறுத்துங்கள் என்று அவர் சொன்னால் நிறுத்திவிட வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. அவர் சொல்லவில்லை. எழுபத்தொன்பதில் ஸ்கேன் முடிந்தது, கட்டிலை வெளியே இழுத்து, சளியை உறிஞ்சி எடுத்து, வார்டு மெஷினில் மாட்டினார்கள். எண் மெல்ல மெல்ல மேலே ஏறியது. வசுமதி படங்களை அல்தாஃபுக்கு அனுப்பினாள்.

புது அச்சைக் கட்ட மூன்று மணி நேரம் ஆயிற்று. அல்தாஃப் மூன்று வாரப் பதிவுகளையும் அதன் வழியாகத் திரும்ப ஓட்டினான். நிரப்பும் பகுதியை இந்த முறை அணைத்துவிட்டான். கிடைத்தது கிடைக்கட்டும், கிடைக்காதது வெற்றிடமாக நிற்கட்டும் என்று வசுமதி சொல்லியிருந்தாள்.

நாலு மணிக்கு அவன் கூப்பிட்டான். அவன் முகம் வாடியிருந்தது.

“ஒண்ணும் இல்லக்கா. உள்ள யாரும் இல்ல போலிருக்கு.”

திரையில் தேதி வாரியாகப் பட்டியல் இருந்தது. பெரும்பாலும் வெற்றிடம். நடுநடுவே ஒரே சொல். காது. முதல் நாள் பதினாறு முறை. இரண்டாம் நாள் நாற்பது முறை. கலாமணி, பயப்படாதே என்று வந்த நேரத்தில் காது. மன்னித்துவிடு என்று வந்த நேரத்தில் காது. குழு வந்து நின்று நிறுத்திவிடலாமா என்று கேட்ட மூன்று நாளும், மூன்று முறையும், காது. மெஷின் ஒரே இடத்தில் சிக்கிச் சுற்றுகிறது என்றான் அல்தாஃப். பழுதான மூளையில் ஒரு மூலை மட்டும் துடித்துக்கொண்டே இருக்கும், அதற்கு அர்த்தம் கிடையாது, மேடத்திடம் அப்படியே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றான்.

வசுமதியால் அதை ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. அர்த்தமில்லாத துடிப்பு என்றால் ஏன் ஒரு நாள் பதினாறு, மறு நாள் நாற்பது? அர்த்தம் இருக்கிறதென்றால், சாவா வாழ்வா என்று கேட்கும்போது எந்த மனிதன் காதைப் பற்றிப் பேசுவான்? கேட்கவில்லை என்கிறாரா? கேட்கிறது என்கிறாரா? யோசித்தபடியே, கை சும்மா இருக்காமல் அவள் புதிய தலையைத் திரையில் உருட்டிக்கொண்டிருந்தாள். வழுக்கைத் தலை, தட்டையான மூக்கு, குழி விழுந்த கன்னம். இடப்பக்கம் ஒரு காது. தலையைச் சுற்றி வலப்பக்கத்துக்குக் கொண்டுவந்தாள்.

அங்கே காது இல்லை. இருந்தது, ஆனால் காது மாதிரி இல்லை. மேல்மடல் முழுவதும் முன்பக்கமாக மடங்கி, கன்னத்தோடு நசுங்கி ஒட்டிக் கிடந்தது. படத்தில் தொப்பி தெரியாது. தொப்பியின் பட்டை எங்கே போகிறது என்பது மட்டும் அந்த மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது.

“அல்தாஃப், இது அர்த்தமில்லாத துடிப்பு இல்லடா,” என்றாள் வசுமதி. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. “காது மடங்கியிருக்குன்னு சொல்லிட்டு இருக்காரு.”

இருவரும் ஓடினார்கள். ஐ.சி.யூ.வில் கலாமணி வழக்கம்போல இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். வசுமதி வென்டிலேட்டரைச் சுற்றிக்கொண்டு, குழாய்களைத் தாண்டி, சுவருக்கும் கட்டிலுக்கும் இடையில் புகுந்தாள். நர்ஸ் தடுக்க வந்தாள். தொப்பியைத் தொடக் கூடாதென்று மூன்று வாரமாக அவளுக்கு உத்தரவு. வசுமதியும் அல்தாஃபும்தான் அந்த உத்தரவைப் போட்டவர்கள். வசுமதி பட்டையை நெம்பித் தூக்கினாள்.

மடிப்பின் உள்பக்கம் தோல் உரிந்து, சீழ் கட்டி, பட்டையின் நெசவு அப்படியே புண்ணில் பதிந்திருந்தது. காலையில் பஞ்சு மெத்தையை வைத்து அழுத்திக் கட்டியது இதே இடத்தில். அவளே கட்டினாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அங்கே எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அழுதாள்.

கலாமணி எழுந்து சுற்றி வந்தாள். புண்ணைப் பார்த்தாள். அல்தாஃப் தானாகவே சொன்னான், பட்டியலில் இருந்ததை முழுவதும், குழு கேட்ட மூன்று நாள் உட்பட. கலாமணி இரண்டு விரலால் அந்தக் காதைப் பிடித்து, ஈரத் துணியைப் பிரிப்பதுபோல மெல்ல மெல்ல நிமிர்த்திவிட்டாள். மானிட்டரில் நூற்றுப் பன்னிரண்டு என்று ஓடிக்கொண்டிருந்த இதயத் துடிப்பு நூறு ஆயிற்று, தொண்ணூற்று மூன்று ஆயிற்று, எண்பத்தெட்டில் நின்றது.

டாக்டர் மிருணாளினி வந்து பார்த்தார். நாளைக்கு எதுவும் நடக்காது என்றார். தொப்பியைப் புதிதாகப் பொருத்தி, இந்தச் சரியான அச்சை வைத்து, விதிப்படி மறுபடி மூன்று நாள் கேட்கலாம், அப்போது அவர் உண்மையில் என்ன சொல்கிறார் என்று தெரிந்துவிடும் என்றார்.

“என்னன்னு கேப்பீங்க?” என்றாள் கலாமணி.

டாக்டர் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார்.

“போகட்டுமான்னு கேப்பீங்க. வேண்டாமுங்க.” அவள் காதை விடாமல் பிடித்துக்கொண்டே பேசினாள். “போறதுன்னு முடிவு பண்ணுன மனுசன் காதை எடுத்து விடு, எடுத்து விடுன்னு மூணு வாரமாக் கெஞ்சுவானுங்களா? காது வலிக்குதுங்கறவரு இங்கயேதான் இருக்காருங்க. நாமதான் அவரை அனுப்பி வெக்கறதுக்கு நாள் பாத்துட்டோம். இப்ப ஒண்ணும் கேக்காதீங்க. மொதல்ல புண்ணு ஆறட்டும்.”

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, குறித்து வைத்திருந்த அதே நேரத்தில், டாக்டரும் கலாமணியும் அல்தாஃபும் வசுமதியும் நர்ஸும் வெள்ளிங்கிரியின் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நர்ஸ் காதுக்கு மருந்து போட்டாள்.